மலையகப் பனியும் மூத்தம்மாவின் ஓய்வும்



மார்கழி பிறந்துவிட்டால் நுவரெலியாவிலும் ஹற்றனிலும் நம் வீடுகளில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்துவிடும். "பனி பெய்யுது, வெளியே இறங்காதீங்க" என்பதே அந்தச் சட்டம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு அது பொருந்தாது. கடை திறக்கப் போகும் வாப்பாவுக்கும் பொருந்தாது. கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறும் தோட்டத்துப் பெண்ணுக்கும் பொருந்தாது. வேலையிலிருந்து இளைப்பாறி வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு மட்டுமே அது சட்டம். அன்பினால்தான் சொல்கிறோம், சந்தேகமில்லை. ஆனால் டிசம்பரில் கம்பளிக்குள் புகுந்த மூத்தாப்பா மார்ச்சில் எழுந்து வரும்போது அவருடைய முழங்கால் மடங்க மறுக்கிறதே, அதை யார் கணக்கில் எடுப்பது?

நம் ஊர்க் குளிரைப் பற்றி முதலில் சரியாகத் தெரிந்துகொள்வோம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி தொடங்கி மார்ச் வரையுள்ள மாதங்கள்தாம் இங்கே மழை குறைந்த மாதங்கள். வானத்தில் மேகம் இல்லாத இரவில் தரையின் சூடு தடையின்றி மேலே போய்விடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவில் இறங்கிப் பள்ளங்களில் தேங்குகிறது. அப்படிப்பட்ட சில விடியற்காலைகளில் புல்லின் மேலும் தேயிலைக் கொழுந்தின் மேலும் வெள்ளையாகப் பனி உறைந்து கிடக்கும். வெயில் ஏறியதும் அது உருகிவிடும். உறைந்த கொழுந்து மட்டும் கருகிப்போகும். அதே நாளின் நண்பகலைப் பாருங்கள். 20 பாகை செல்சியஸ் அளவில் இதமான வெயில், தெளிந்த வானம்! ஜூன், ஜூலை மாதங்களின் ஓயாத தூறலில் இப்படி ஒரு பகல் கிடைக்குமா? திம்புள்ளைப் பகுதித் தேயிலைக்கு மிகச் சிறந்த மணம் ஏறுவதும் இந்த ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள குளிர்ந்த, உலர்ந்த நாட்களில்தான்.

ஆகவே பெரியவர்களுக்கு வேண்டியது தடையல்ல, நேரக்கணக்கு. காலை எட்டரை மணிக்கு வெயில் நன்றாக விழுந்தபின் இறங்கி, மாலை நான்கு, நாலரைக்குள் திரும்பிவிட்டால் போதும். லண்டனில் டிசம்பர் மாதத்தில் சூரியன் காலை எட்டு மணி அளவில்தான் உதிக்கிறது. மாலை நான்கு மணிக்கு முன் மறைந்துவிடுகிறது. அந்தக் குறுகிய பகலிலும் அங்கே இளைப்பாறியவர்கள் நகரசபை குத்தகைக்குக் கொடுக்கும் சிறு தோட்டத் துண்டுகளுக்குப் போய், உறைந்த மண்ணிலிருந்து லீக்ஸ் பிடுங்கிக்கொண்டு வருகிறார்கள். நமக்கோ பகல் பதினொன்றே முக்கால் மணி நேரம் இருக்கிறது.

வீட்டுக்குள் அடைந்திருப்பதில் வேறு ஓர் ஆபத்தும் உண்டு. கதவையும் ஜன்னலையும் இறுகச் சாத்திக்கொண்டு அறைக்குள் கரிச்சட்டி வைத்துக் குளிர்காய்கிறார்களே, அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். கரி எரியும்போது வரும் கார்பன் மொனொக்சைட் வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். பகலில் வெயிலில் நடந்த உடம்புக்கு இரவில் ஒரு கம்பளியும் சுடுதண்ணீர்ப் போத்தலும் போதும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஓய்வு என்று யாருக்குச் சொல்கிறோம்? ஆசிரியர் ஓய்கிறார், தபால் கந்தோர்க்காரர் ஓய்கிறார். கடைக்காரர் மகனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ஓய்கிறார். அவர்களுக்குக் கிரகரி வாவியின் கரை இருக்கிறது, பள்ளிவாசல் திண்ணை இருக்கிறது, பத்திரிகையும் பேச்சும் இருக்கின்றன. நம் உம்மாவுக்கு, மூத்தம்மாவுக்கு? எந்தக் கந்தோரிலிருந்தும் அவருக்குப் பென்சன் கடிதம் வருவதில்லை. வாப்பா ஓய்ந்த அன்று உம்மாவுக்கு ஒரு வேலை கூடுகிறது: காலை பத்து மணித் தேநீர்! அதன்பின் மருமகள் வேலைக்குப் போனால் பேரப்பிள்ளை. பேரப்பிள்ளை வளர்ந்தால் அடுத்த பேரப்பிள்ளை. குளிர்காலம் வந்தால் குசினி அடுப்படிதான் அவருக்குச் சூடான இடம். ஆகவே அங்கேயே இருந்துவிடுகிறார்.

தோட்டத்துப் பெண்ணின் கதை இன்னும் கடினமானது. கொழுந்து எடுத்து வாழ்ந்தவர் வேலையை விட்டபின் 50 வயதிலிருந்து தம் ஊழியர் சேமலாப நிதியைக் கேட்டுப் பெறலாம். ஆணுக்கு அது 55. சேவைக்காலப் பணமும் உண்டு. அந்தப் பணம் பெரும்பாலும் மகளின் கலியாணத்துக்கோ லயத்துக் கூரைக்கோ போய்விடும். முப்பது வருடங்களுக்கு மேல் வெட்டவெளியிலேயே வாழ்ந்தவர், பத்தடிக் காம்பராவிலும் இஸ்தோப்பிலும் அடைகிறார். மலையில் எந்த மரத்தில் எந்தப் பறவை கூடு கட்டும், எந்தப் பள்ளத்தில் முதலில் பனி உறையும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். உங்கள் வீட்டுக்கு மரக்கறி கொண்டுவரும் அம்மாவிடம் ஒருநாள் கேட்டுப் பாருங்கள். புத்தகத்தில் இல்லாததையெல்லாம் சொல்வார்.

மூத்தம்மாவை வெளியே அழைத்துப்போக எங்கே இடம் என்று கேட்பீர்கள். நுவரெலியா நகரின் நடுவிலேயே விக்டோரியா பூங்கா இருக்கிறது. விக்டோரியா மகாராணி அரியணை ஏறி 60 ஆண்டு நிறைந்த 1897ஆம் வருடத்தில் அவர் பெயர் சூட்டப்பட்டது. பூப்பாத்திகளைப் பார்த்துவிட்டு எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள். பூங்கா ஓரத்து ஓடைக்கரையில், நிழலும் சருகுமாக இருக்கும் பக்கத்தில், அரைமணி நேரம் பேசாமல் உட்கார்ந்தவர்களுக்குத்தான் அங்குள்ள விருந்தாளிகள் தென்படுவார்கள்.

காஷ்மீர் ஈப்பிடிப்பான் என்று ஒரு சிறு குருவி. சிட்டுக்குருவியை விடவும் சிறியது. ஆண் பறவைக்குத் தொண்டையிலும் நெஞ்சிலும் செம்மஞ்சள் நிறம், அதைச் சுற்றிக் கறுப்புக் கரை. கோடையில் காஷ்மீரையும் அதையடுத்த இமயமலைக் காடுகளையும் வீடாகக் கொண்டு குஞ்சு பொரிக்கும். அங்கே உறைபனி தொடங்குமுன் புறப்பட்டு, ஏறக்குறைய 3000 கிலோமீற்றர் பறந்து, நம் மலையகத்துக்கும் தென்னிந்திய மலைகளுக்கும் வந்துவிடும். உலகில் இதன் எண்ணிக்கை குறைந்து வருவதால் அழியும் ஆபத்துள்ள பறவைகளின் வரிசையில் வைத்திருக்கிறார்கள். இதைப் பார்க்கவென்றே வெளிநாடுகளிலிருந்து மனிதர்கள் விமானம் ஏறி வருகிறார்கள். நாமோ பூங்கா வாசலில் சோளம் வாங்கித் தின்றுவிட்டு வீடு திரும்புகிறோம்!

இமயமலைப் பக்கத்திலிருந்து வரும் கறுப்பு வெள்ளைப் பூங்குருவியையும் அங்கே காணலாம். சருகைப் புரட்டிப் புழு தேடும். ஆறுமணிக் குருவி இன்னும் அழகு. பச்சை முதுகு, இறக்கையில் நீலம், வயிற்றடியில் சிவப்பு. விடியும்போதும் மாலை மங்கும்போதும் ஆறுமணி அளவில் குரல் கொடுப்பதால் தமிழ்நாட்டில் அந்தப் பெயர். இவையெல்லாம் வடக்கே குளிர் வந்ததும் நம்மிடம் ஒதுங்க வருபவை. எந்தக் குளிருக்குப் பயந்து நாம் ஜன்னலைச் சாத்துகிறோமோ, அந்தக் குளிரையே இதமென்று எண்ணி வருகின்றன. போதாதென்று நம் நாட்டுக்கே உரிய பறவைகளும் உண்டு. காதோரம் மஞ்சள் இறகுள்ள கொண்டைக்குருவியை இலங்கை மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் காணமுடியாது.

இதற்கு விலையுயர்ந்த தொலைநோக்கி கட்டாயமில்லை. பேரப்பிள்ளையின் பழைய அப்பியாசக் கொப்பி ஒன்று போதும். பார்த்த தேதி, இடம், நிறம், என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதட்டும். எழுத வராத மூத்தம்மா சொல்லச் சொல்லப் பிள்ளை எழுதட்டும். இரண்டு மூன்று வருடம் தொடர்ந்தால் எந்த வாரத்தில் எந்தப் பறவை வந்தது என்ற கணக்கு உங்கள் வீட்டிலேயே இருக்கும்.

தூரம் போக முடியாதவர்களுக்குப் பின்வளவு இருக்கிறது. நாலு உரப்பையில் மண் நிரப்பினாலும் தோட்டம்தான். லீக்ஸ், கோவா, கரட் ஆகியவை குளிரைத் தாங்கும். ராபு ஒன்றரை மாதத்தில் சட்டிக்கு வந்துவிடும். பொறுமையில்லாதவர்கள் அதில் தொடங்கலாம். போஞ்சியும் தக்காளியும் உறைபனி பட்டால் ஒரே இரவில் கருகும். வானம் தெளிந்து காற்று அசையாமல் இருக்கும் மாலையில், குச்சிகளை நட்டு அதன்மேல் பழைய சேலையையோ சாக்கையோ இலையில் படாமல் போர்த்துங்கள். காலையில் வெயில் வந்ததும் எடுத்துவிடுங்கள்.

பின்வளவில் மூத்தம்மா உட்காருவதில் இன்னொரு பயனும் உண்டு. எலும்புக்கு வேண்டிய விட்டமின் டியை வெயில் பட்டால் உடம்பு தானே ஆக்கிக்கொள்கிறது. வயது ஏற ஏறத் தோலுக்கு அந்தச் சக்தி குறைகிறது. வெளியில் உடலை முழுதும் மூடிப் போகும் பெண்களிடம் இந்தக் குறைபாடு கூடுதல் என்பது வெயில் நாடுகளிலேயே பலமுறை கண்டறியப்பட்டது. பர்தாவைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அந்நியர் பார்வை படாத வளவில் பத்து, பதினொரு மணி வெயில் முகத்திலும் முழங்கையிலும் காலிலும் சிறிது நேரம் படட்டும் என்கிறேன். வேலியில் ஒரு தட்டி கட்டிக் கொடுப்பது ஆண்களுக்கு அரைநாள் வேலை.

வுழூச் செய்யக் குளிர்ந்த நீருக்கு அஞ்சி வெளியே போகத் தயங்குவோரும் உண்டு. முழு வுழூவுடன் தோல் காலுறை அணிந்திருந்தால், ஊரில் இருப்பவர் ஒரு பகல் ஓர் இரவு வரை காலைக் கழுவாமல் அதன்மேல் ஈரக்கையால் மஸ்ஹு செய்துகொள்ளலாம் என்பது நீங்கள் அறிந்த சட்டமே. சாதாரண மெல்லிய நூல் காலுறைக்கு இது பொருந்தாது.

வேறு சில எச்சரிக்கைகள். தேயிலை மலைக்குள் நடந்தால் குளவிக்கூட்டைக் கவனியுங்கள். கொழுந்தெடுக்கும் பெண்களிடம் கேட்டுவிட்டு நுழைவதே நல்லது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளை மலையகம் மறக்கவில்லை. ஆகவே மழை விட்டு மண் இறுகும்வரை சரிவுப் பாதைகள் வேண்டாம். அட்டை ஈரமான நாட்களில்தான் தொல்லை. 1344இல் புத்தளத்தில் இறங்கி, பாவா ஆதம் மலைக்கு ஏறிய இப்னு பதூதாவும் அட்டையைப் பற்றி எழுதியிருக்கிறார். எலுமிச்சம் சாற்றைப் பிழிந்து அதை விழச் செய்வார்களாம். அந்த மலையில் டிசம்பர் பௌர்ணமி முதல் மே பௌர்ணமி வரை ஆட்கள் ஏறுவார்கள். 5000க்கும் மேற்பட்ட படிகள். முழங்கால் வலிக்காரர்கள் ஆசைப்பட வேண்டாம். மஸ்கெலியாப் பக்கம் உறவினர் இருந்தால், இரவில் மலையுச்சி வரை நீளும் விளக்கு வரிசையை முற்றத்தில் நின்றே பார்க்கலாம்.

வாரத்தில் இரண்டு நாள் போதும். ஒருநாள் காலைச் சமையலை மகளோ மருமகளோ பார்த்துக்கொள்ளட்டும். முடிந்தால் வாப்பாவே தேநீர் போடட்டும். மூத்தம்மா அயல் வீட்டு இளைப்பாறிய ஆசிரியையோடு, பிளாஸ்கில் இஞ்சித் தேநீருடன் பூங்காவுக்குப் போய் வரட்டும். மார்ச் கழிந்தால் காஷ்மீர் விருந்தாளிகள் வடக்கே திரும்பத் தொடங்கிவிடும். ஏப்ரலில் சீசன் ஆரம்பமானால் கொழும்புச் சனம் நிறைந்து பூங்காவில் உட்கார இடம் கிடைக்காது.