நோட்டில் ஒரு எழுத்துகூட இல்லையே!

எல்கேஜியில் சேர்த்து மூன்று மாதம் ஆகிறது. நோட்டைப் புரட்டினால் வெற்றுத்தாள். எதிர்வீட்டுப் பையன் ஏ முதல் இசட் வரை எழுதுகிறான். “நம்ம பிள்ளை தண்ணி ஊத்தி விளையாடிட்டு வருது. இதுக்கா இவ்வளவு ஃபீஸ்?” மாண்டிசோரி முறையில் நடக்கும் சின்னப் பள்ளிகளின் வாசலில் வழக்கமாகக் கேட்கும் புலம்பல் இது.

தண்ணீர் ஊற்றுவதில்தான் விஷயமே இருக்கிறது. சிந்தாமல் ஊற்ற மணிக்கட்டு கண் சொன்னபடி கேட்க வேண்டும். எழுதவும் அதே மணிக்கட்டுதான். அடுத்து, பத்துக் குழிகள் கொண்ட மரக்கட்டை. குழிக்கு ஓர் உருளை, அதன் தலையில் சின்னக் குமிழ். மூன்று விரல் சேர்த்துப் பிடித்துத் தூக்குகிறது குழந்தை. பென்சில் பிடிக்கும் பிடி அது. குழி மாற்றிப் போட்டால் கடைசி உருளைக்கு இடம் சரிவராது. குழந்தையே விழித்து, எல்லாவற்றையும் எடுத்து மறுபடி அடுக்கும். டீச்சர் “தப்பு” என்று வாயைத் திறக்க வேண்டியதில்லை.

பிறகுதான் எழுத்து. அதுவும் உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டியது. இரண்டு விரலால் ‘ப’வைத் தடவியபடி ஒலியைச் சொல்கிறது குழந்தை. நமக்கு இது புதிதா என்ன? திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் எழுதினோம். விஜயதசமியன்று இன்றும் அரிசியில் ‘அ’ எழுத வைக்கிறோம். ஒரு நாள் சடங்கோடு விட்டுவிட்டோம், அவ்வளவுதான்.

இந்த முறையை வகுத்த மரியா மாண்டிசோரி ஒரு மருத்துவர். 1907இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் முதல் பள்ளியைத் தொடங்கினார். 1939இல், 69 வயதில், பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர் மூண்டிருந்த காலம். இத்தாலிக்காரர் என்பதால் உடனே திரும்ப முடியவில்லை. கொடைக்கானலிலும் சில காலம் இருந்துவிட்டு 1946இல்தான் ஐரோப்பா போனார். ஏழைப் பிள்ளைகளுக்காகப் பிறந்த முறை இன்று வசதியுள்ளவர்களின் பள்ளியாகிவிட்டது வேறு கதை.

‘மாண்டிசோரி’ என்ற பெயர் யாருக்கும் சொந்தமில்லை. யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதிக்கொள்ளலாம். அட்மிஷனுக்குப் போகிறவர்கள் போர்டை நம்பாமல் வகுப்பறைக்குள் எட்டிப் பாருங்கள். அலமாரி மூன்று வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டுகிறதா, அதிலுள்ள சாமான்கள் பிள்ளைகள் கைபட்டுத் தேய்ந்திருக்கின்றனவா என்று கவனியுங்கள். தூசி படிந்திருந்தால் வேறு பள்ளி தேடுங்கள்.