ஒட்டி உறவாடும் உயிரணுக்கள்

மூளை என்றவுடன் நாம் அறிவையும் நினைவையும் எண்ணுகின்றோம். அதனைக் கட்டியெழுப்பும் உயிரணுக்கள் தத்தம் இடத்தை எங்ஙனம் அடைகின்றன என்று எண்ணிப் பார்ப்பதில்லை. 1955இல் டவுன்ஸ், ஹோல்ட்ஃபிரெட்டர் என்னும் இருவர், நீர்நிலவாழ் உயிரிகளின் கருவிலிருந்து தோலாக வேண்டிய அணுக்களையும் நரம்பாக வேண்டிய அணுக்களையும் பிரித்தெடுத்து ஒன்றாகக் கலந்து வைத்தனர். அவை தாமே இனம் பிரிந்தன. தோலணுக்கள் புறத்தேயும் நரம்பணுக்கள் அகத்தேயும் அமைந்தன. தன்னினத்தை அறிந்து பற்றும் இவ்வாற்றலைத் தருபவை அணுவின் மேற்பரப்பில் உள்ள புரதங்கள். அவற்றையே ஒட்டு மூலக்கூறுகள் என்கின்றோம். சப்பானிய அறிஞர் தக்கெய்ச்சி கண்டறிந்த கேடரின் அவற்றுள் தலையாயது. கால்சியம் இல்லையேல் அதன் பிடி தளர்ந்துவிடும்.

இம்மூலக்கூறுகளின் பணியைக் கண்ணாரக் காண நமக்கு உதவுவது, மீன் தொட்டிகளில் நாம் காணும் வரிக்குதிரை மீன். கங்கை மீன்களைப் பற்றி 1822இல் ஹாமில்டன் எழுதிய நூலில் விவரிக்கப்பெற்ற சின்னஞ்சிறு மீன் இது. இதன் கரு தாயுடலுக்கு வெளியே, கண்ணாடி போன்ற தெளிவோடு வளர்கின்றது. ஒரே நாளில் மூளையின் பகுதிகள் புலனாகிவிடும்!

நம் கருவில் நரம்புத் தகடு பாய் போலச் சுருண்டு குழலாகின்றது. இம்மீனிலோ இருபுறத்து அணுக்களும் நடுவே நெருங்கித் திண்ணிய தண்டாகி, அதன் பின்னரே உள்ளே துளை தோன்றும். 'பாராசூட்' எனப் பெயரிடப்பெற்ற பிறழ்வு மீன்களில் என்-கேடரின் பழுதுற்றிருப்பது 2002இல் விளக்கப்பட்டது. அக்கருக்களில் அணுக்கள் நடுக்கோட்டில் ஒருங்கு சேர்வதில்லை. குழலின் மேற்பகுதி அகன்றே நின்றுவிடுகின்றது.

2020இல் வெளிவந்த ஆய்வு இதனினும் நுட்பமானது. தண்டுவடத்தின் மூவகை மூல அணுக்களை இரண்டிரண்டாக ஒட்டவைத்து, பிரிக்க எத்துணை விசை வேண்டும் என்று அளந்தனர். ஒரே வகை இணைகள் உறுதியாகப் பற்றின. வேற்றுவகை இணைகள் எளிதில் பிரிந்தன. என்-கேடரின், கேடரின்-11, புரோட்டோகேடரின்-19 ஆகியவை ஒவ்வொரு வகையிலும் வெவ்வேறு அளவில் கலந்திருப்பதே இதற்குக் காரணம்.

ஒட்டு மூலக்கூறு என்றதும் பசையைக் கருதிவிடுதல் பிழை. பசைக்கு விடத் தெரியாது. நரம்பிழை நெடுந்தொலைவு செல்ல வேண்டுமெனில் பற்றவும் வேண்டும், விடவும் வேண்டும். என்கேம் என்னும் மூலக்கூறின் மீது பாலிசியாலிக் அமிலம் சங்கிலியாகப் படரும்போது அதன் பிடி தளர்ந்து இழைக்கு வழி விடுகின்றது.

எல்-1 என்பது மற்றொரு மூலக்கூறு. மனிதரில் இதன் மரபணு எக்ஸ் நிறப்புரியில் உள்ளது. அது பழுதுற்றால், பெரும்பாலும் ஆண் குழந்தைகள், மூளையில் நீர் தேங்கித் தலை பெருத்துப் பிறக்க நேர்கின்றது. தண்டுவடம் அறுபட்ட மனிதர் எழுந்து நடத்தல் அரிது. வளர்ந்த வரிக்குதிரை மீனோ சில வாரங்களில் மீண்டும் நீந்துகின்றது. அம்மீனில் எல்-1.1 உருவாகாதவாறு தடுத்துப் பார்த்த ஆய்வு 2004இல் வெளியாயிற்று. தடுக்கப்பட்ட மீன்கள் முன்போல் நீந்த இயலாது பின்தங்கின.