திருப்பூரில் பிறந்த கல்வி அமைச்சர்

பனியனுக்குப் பேர்போன திருப்பூரில் 1903 மே 5ஆம் தேதி பிறந்தவர் தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார். சென்னையில் சட்டம் படித்தும் வக்கீல் தொழில் அவரைப் பிடித்து வைக்கவில்லை. காந்தியடிகளின் பாதையில் இறங்கினார். பலமுறை சிறை சென்றார்.

1930இல் கோவையில் ஒரு வாடகை வீட்டில் அவர் தொடங்கிய பள்ளிதான் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம். அதில் சேர்ந்த முதல் மாணவன் தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பிள்ளை. தீண்டாமை ஊருக்கு ஊர் கோலோச்சிய அந்த நாளில் அது எத்தனை பெரிய துணிச்சல்! பிற்பாடு அந்தப் பள்ளி பெரியநாயக்கன்பாளையத்தில் ஆலமரமாக விரிந்தது.

1946 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சர். பாரதியார் பாடல்களின் உரிமையை அரசே வாங்கியது இவர் காலத்தில்தான். தமிழ் வளர்ச்சிக் கழகத்துக்குத் தலைமை ஏற்று, தமிழில் கலைக்களஞ்சியம் வர வழி செய்ததும் இவரே. ஆசிரியர் பொறுப்பு பெ. தூரனுக்கு; அவரும் கொங்கு மண்ணின் பிள்ளை, வித்யாலயத்தில் ஆசிரியராக இருந்தவர். முதல் தொகுதி 1954இல் வெளிவந்தது. பத்துத் தொகுதிகளும் நிறைவடைந்தது 1968இல். அவினாசிலிங்கம் செய்தவற்றில் முதலிடம் தர வேண்டியது இந்தப் பணிக்குத்தான்.

1952இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் திருப்பூர் தொகுதி இவரையே மக்களவைக்கு அனுப்பியது. 1957இல் பெண்களுக்காகக் கோவையில் மனையியல் கல்லூரி தொடங்கினார். 1988இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது.