வானம் தெளிந்தது, கரியமில வாயு குறைந்ததா?

2020 மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது. பள்ளிகள் அதற்கு முன்பே மூடப்பட்டிருந்தன. அந்த ஏப்ரலில் உலகம் முழுவதும் 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் வீட்டில் இருந்தார்கள். பாடம் தொலைக்காட்சி வழியாகவும் கைபேசி வழியாகவும் வந்தது. எல்லோருக்கும் வரவில்லை. குறைந்தது 46 கோடிக் குழந்தைகளுக்கு இவ்வகைக் கல்வி எட்டவே இல்லை என்று யுனிசெப் அவ்வாண்டு ஆகஸ்டில் கணக்கிட்டது.

என்னிடம் படித்த ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, மாலையில் அப்பா வேலை முடிந்து வந்த பிறகு அவருடைய கைபேசியை வாங்கித்தான் பேசுவாள். ஒருநாள் கேட்டாள்: “சார், வண்டி ஓடவில்லை, வானம் நீலமாக இருக்கிறது. இனிப் பூமி சூடாவது நின்றுவிடுமா?”

நல்ல கேள்வி. பெரியவர்கள் பலரும் அன்று அப்படித்தான் நம்பினார்கள். பஞ்சாபில் ஜலந்தர் நகர மக்கள், நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள தௌலாதர் பனிமலைகளை மொட்டை மாடியிலிருந்து பார்த்து வியந்த நாட்கள் அல்லவா அவை!

மாணவர்களே, இங்கே இரண்டு பொருள்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மலையை மறைத்திருந்தது புகையும் நுண்தூசியும். இவை காற்றில் சில நாட்களோ வாரங்களோதான் தங்கும். மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். புகைப்பதை நிறுத்தினால் வானம் விரைவில் தெளிந்துவிடும்.

கரியமில வாயு அப்படியல்ல. அதற்கு நிறமில்லை, கண்ணுக்குத் தெரியாது. நாம் வெளியிடுவதில் ஏறத்தாழப் பாதியைக் கடலும் தாவரங்களும் ஏற்றுக்கொள்கின்றன. மீதி காற்றிலேயே சேர்கிறது. அதில் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் தங்கும்.

வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயைச் சற்றுத் திருகி நீர்வரத்தைக் குறைத்தால் தொட்டி காலியாகுமா? மெதுவாக நிறையும், அவ்வளவுதான். 2020 ஏப்ரல் தொடக்கத்தில் உலகின் அன்றாடக் கரியமில வாயு வெளியீடு, முந்தைய ஆண்டின் சராசரியைவிட 17 சதவீதம் வரை குறைந்தது. ஆண்டு முழுவதற்கும் கூட்டிப் பார்த்தால் குறைவு ஏறத்தாழ 5 சதவீதமே. வண்டிகள் நின்றாலும் அனல் மின்நிலையங்கள் எரிந்துகொண்டுதானே இருந்தன!

ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958 முதல் இவ்வாயுவை அளந்து வருகிறார்கள். தொடக்கத்தில் காற்றின் பத்து லட்சம் மூலக்கூறுகளில் ஏறத்தாழ 315 கரியமில வாயுவாக இருந்தது. 2019 மே மாதம் 415. ஊரடங்கு நடந்த 2020 மே மாதம்? 417.

2018 ஆகஸ்டில் ஸ்டாக்ஹோம் நாடாளுமன்றத்தின் முன் பள்ளி மாணவி கிரேட்டா துன்பர்க் தனியாக உட்கார்ந்தது இந்தத் தொட்டிக்காகத்தான். 2020 மார்ச்சில் கூட்டம் கூட முடியாமற்போனபோது, அவரைப் பின்பற்றிய மாணவர்கள் அட்டையில் எழுதி வீட்டிலிருந்தே படம் எடுத்து அனுப்பினார்கள். கைபேசி இருந்தவர்களால் அது முடிந்தது.

“அப்படியானால் குழாயை எவ்வளவு மூட வேண்டும், சார்?” என்றாள் அவள். ஏறத்தாழ முழுவதும் என்றேன். வெப்ப உயர்வு 1.5 டிகிரியில் நிற்க வேண்டுமானால், 2050 வாக்கில் நாம் வெளியிடுவதும் அகற்றுவதும் சமமாக வேண்டும் என்று பன்னாட்டு விஞ்ஞானிகள் குழு 2018இல் கூறியிருந்தது.

சற்று நேரம் பேச்சில்லை. தனக்கு அப்போது என்ன வயது என்று கூட்டிப் பார்த்திருக்கிறாள். “நாற்பத்து நாலு” என்றாள். பிறகு, அப்பா கைபேசியைக் கேட்கிறார் என்று வைத்துவிட்டாள்.