பரணில் தூங்கும் ரேடியோ! எழுப்பும் முன் எச்சரிக்கை!

ஆம்பூரில் ஒரு பழைய வீடு. பேரன் பரண் மேலிருந்து ஒரு மரப்பெட்டியை இறக்குகிறான். தூசி தட்டுகிறான். தாத்தா வாங்கிய வால்வு ரேடியோ! முன்புறக் கண்ணாடியில் சென்னை, டெல்லி, கொழும்பு என்று ஊர்ப் பெயர்கள். பையனுக்கு ஆசை தாங்கவில்லை. பிளக்கைச் சுவரில் செருகப் போகிறான்.

செருகக்கூடாது! முப்பது நாற்பது ஆண்டு சும்மா கிடந்த ரேடியோவுக்கு நேராக மின்சாரம் கொடுத்தால் உள்ளே புகைந்துவிடும். பெட்டியின் வகையைப் பொறுத்து, உயிருக்கே ஆபத்து வரலாம்.

ஊரே கேட்ட பெட்டி

சென்னையில் முதல் வானொலிக் கழகம் 1924-ல் ஏற்பட்டது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16-ந் தேதி திறக்கப்பட்டது. அதன் பிறகு மர்பி, பிலிப்ஸ் பெட்டிகள் வசதியுள்ள வீடுகளில் நுழைந்தன. ரேடியோ வைத்திருக்கத் தபால் ஆபீசில் பணம் கட்டி லைசென்ஸ் வாங்கவேண்டும்! இந்த வழக்கம் 1980-களில்தான் ஒழிந்தது.

பாலாற்றங்கரையில் உள்ள ஆம்பூர், தோல் பதனிடும் தொழிலுக்குப் பேர் போன ஊர். தமிழும் உருதுவும் பேசப்படும் ஊர். 1950-களில் இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஓரங்கட்டியது. ஜனங்கள் முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். தமிழ்ப் பாட்டும் அங்கேதான். 1952-ல் தொடங்கிய 'பினாகா கீத்மாலா' என்ற இந்திப் பாட்டு நிகழ்ச்சியும் அங்கேதான். 1957 அக்டோபரில் 'விவித பாரதி' வந்த பிறகே இந்திய வானொலிக்கு ரசிகர்கள் திரும்பினார்கள்.

வால்வு என்பது என்ன?

காற்றை உறிஞ்சி எடுத்துவிட்ட ஒரு கண்ணாடிக் குமிழ். பார்வைக்கு மின்சார பல்பு போல இருக்கும். உள்ளே ஒரு சிறு கம்பி சூடாகிச் சிவக்கும். அந்தச் சூட்டில் கிளம்பும் எலெக்ட்ரான்கள் எதிரே உள்ள தகட்டுக்குப் பாயும். நடுவில் உள்ள கம்பிவலை அந்தப் பாய்ச்சலைக் கூட்டும், குறைக்கும். வானில் வந்த மெல்லிய ரேடியோ அலை வீடு முழுவதும் ஒலியாகக் கேட்பது இப்படித்தான்.

சில பெட்டிகளில் டிரான்ஸ்பார்மர் கிடையாது. விலை குறைவு. ஆனால் இவைதான் பொல்லாதவை! ஐந்து வால்வுகளின் சூட்டுக் கம்பிகளும் திருவிழா சீரியல் விளக்கு போல ஒரே வரிசையில் இணைக்கப்பட்டிருக்கும். ஒன்று போனால் எல்லாம் அணையும். 'யு' வரிசை வால்வுகள் ஐந்துக்கும் சேர்த்துச் சுமார் 117 வோல்ட் போதும். மீதி வோல்ட்டை ஒரு மின்தடை சூடாக்கித் தீர்த்துவிடும்.

இவற்றில் உள்ளே இருக்கும் இரும்புத் தட்டு, மின்சார லைனோடு நேராகச் சேர்ந்திருக்கும். இரண்டு கால் பிளக்கை மாற்றிச் செருகினால் தட்டில் 230 வோல்ட் நிற்கும்! திருகும் குமிழில் உள்ள சிறு திருகாணியைத் தொட்டாலும் ஷாக் அடிக்கலாம். அதற்காகவே கம்பெனிக்காரர்கள் அந்தத் துளையை மெழுகால் அடைத்து அனுப்பினார்கள். மெழுகு உதிர்ந்திருந்தால் மறுபடி அடைக்கவேண்டும்.

மெக்கானிக் என்ன செய்வார்?

விஷயம் தெரிந்த மெக்கானிக் முதலில் கண்ணாலும் மூக்காலும் பார்ப்பார். எலி கடித்த ஒயர், ரப்பர் உதிர்ந்த கார்டு, கருகிய வாடை. டிரான்ஸ்பார்மர் உள்ள பெட்டியானால், பின்புறம் வோல்ட் மாற்றும் தகடு எந்த எண்ணில் இருக்கிறது என்று கவனிப்பார்.

அடுத்தது கண்டென்சர். பழுதில் பெரும் பங்கு இதனால்தான், வால்வினால் அல்ல. மின்சாரத்தைச் சீராக்கும் பெரிய கண்டென்சர் காய்ந்துபோனால் 'உம்ம்' என்ற உறுமல்தான் கேட்கும். மெழுகுக் காகிதக் கண்டென்சர் இன்னும் மோசம். கடைசி வால்வுக்கு முன்னால் உள்ளது கசிந்தால், அந்த வால்வு சிவக்கச் சூடேறும். ஸ்பீக்கர் டிரான்ஸ்பார்மரும் எரியும். காசு பார்க்காமல் அதை மாற்றவேண்டும். 630 வோல்ட் தாங்கும் புதிய கண்டென்சர்கள் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கின்றன.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கும். அதை மின்தடை வழியாக வடித்த பிறகே கை வைப்பார்கள்.

பிறகுதான் மின்சாரம். அதுவும் நேராக அல்ல. 60 வாட் குண்டு பல்பு ஒன்றை வரிசையில் சேர்த்துக் கொடுப்பார்கள். பல்பு எரிந்து மங்கினால் நல்லது. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட்! உடனே அணைக்கவேண்டும்.

அரைகுறையாகக் கற்றவர்கள் செய்யும் ஒரு தப்பு உண்டு. அலுமினிய டப்பாக்களின் உச்சியில் உள்ள திருகாணிகளை "லூசாக இருக்கிறது" என்று முறுக்கிவிடுவார்கள். அவை லூசானவை அல்ல. கம்பெனியில் கருவி வைத்து அளந்து நிறுத்தியவை. திருப்பினால் நிலையமே கிடைக்காது.

இன்னொன்று. பூ வேலை செய்த துணியால் ரேடியோவை மூடி வைப்பது அந்தக் கால வழக்கம். அழகுதான். ஆனால் பாடும்போது எடுத்துவிடவேண்டும். வால்வுச் சூடு வெளியேற வழி வேண்டும்.

எல்லாம் முடிந்து பெட்டி மேஜைக்கு வருகிறது. மத்திய அலையும் சிற்றலையும்தான் இதில் உண்டு. பண்பலை பெரும்பாலும் இராது. இருட்டிய பிறகு மத்திய அலை தூரம் பாயும் என்பதால் இரவில் கேட்பதே நல்லது. பேரன் சுவிட்சைப் போடுகிறான். கண்ணாடியில் மஞ்சள் விளக்கு எரிகிறது. சத்தமே இல்லை. பையன் முகம் வாடுகிறது.

"பொறுடா, சூடேறட்டும்" என்கிறாள் பாட்டி.

அரை நிமிஷம் கழித்து மெல்ல ஒரு கரகரப்பு எழுகிறது. பாட்டி தானே எழுந்து வந்து முள்ளைத் திருப்புகிறாள்.