பலகார அச்சில் பிறந்த ஓட்ட ஷூ!

ஓட்ட ஷூவைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ரப்பர் புடைப்புகள் இருக்கும். இதில் பெயர்பெற்ற ஒரு ரகம் பிறந்த இடம் சமையல் அறை!

அமெரிக்காவில் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் ஓட்டப் பயிற்சியாளராக இருந்தவர் பில் பவர்மன். நைக்கி கம்பெனியைத் தொடங்கிய இருவரில் ஒருவர். ஷூவில் ஓர் அவுன்சு குறைந்தாலும் ஓட்டக்காரனுக்கு லாபம் என்பது இவர் கட்சி.

1970-ம் ஆண்டு வாக்கில் அங்கே ஓட்டப்பாதைக்குச் செயற்கைத் தளம் வந்தது. ஆணி இல்லாமல் தரையைப் பிடிக்கும் ஷூ வேண்டும். என்ன செய்வது?

பொறி தட்டியது

ஒரு நாள் மனைவி பார்பரா காலைப் பலகாரத்துக்கு "வேபிள்" சுட்டார். இரண்டு சூடான அச்சுகளுக்கு நடுவே மாவை ஊற்றி அழுத்திச் சுடுவது. கட்டம் கட்டமாகப் பள்ளம் விழும். பவர்மனுக்குப் பொறி தட்டியது. மாவுக்குப் பதிலாக, ரப்பர் போல உறையும் ரசாயனக் குழம்பை அந்த அச்சில் ஊற்றினார்.

ஒட்டாமல் இருக்க எதையும் தடவ மறந்துவிட்டார்! அச்சு இறுகிக்கொண்டது. திறக்க முடியவில்லை.

அச்சு போச்சு; யோசனை பிழைத்தது. 1974-ல் காப்புரிமை கிடைத்தது. வீட்டுக் குப்பைக் குழியில் புதைந்து கிடந்த அச்சை 2010-ல் தோண்டி எடுத்தார்கள். இன்று அது கம்பெனியின் பொக்கிஷம்!

60 கிலோ ஆசாமி

ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு விசை காலில் இறங்கும். 60 கிலோ ஆசாமிக்கு 120 முதல் 180 கிலோ!

அதைத் தாங்கத்தான் ஷூவின் நடுவில் நுரை மெத்தை. அதற்குள் சின்னஞ்சிறு குமிழ்கள். மிதித்தால் அமுங்கும், காலை எடுத்தால் எழும்பும். குதிகாலைச் சுற்றி ஒரு கெட்டிக் கிண்ணம். கால் ஆடாமல் பிடிக்கும். மேலே வலைத்துணி, காற்று போய்வர.

500 முதல் 800 கிலோ மீட்டர் ஓடினால் மெத்தை செத்துவிடும் என்பது பொதுவான கணக்கு. ஷூ வெளியே பளபளக்கும். உள்ளே உயிர் இருக்காது. அதோடு ஓடினால் கால்தான் அடி வாங்கும்.

சாயங்காலம் வாங்குங்க

ஷூ வாங்கச் சாயங்காலம் போவது நல்லது. நாள் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கி இருக்கும். விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விடணும். இரண்டு காலிலும் மாட்டிப் பார்க்கணும்; இரண்டு காலும் ஒரே அளவாக இருக்காது.

கடையிலேயே நாலு எட்டு ஓடிப் பாருங்க. எங்கேயாவது கடித்தால், "போடப் போடச் சரியாயிடும் சார்" என்று சொன்னாலும் வாங்காதீங்க!