டார்ச் வெளிச்சத்தில் ஒரு கணக்கு

கட்டட வேலையில் சாரத்திலிருந்து தவறி விழுந்தவர் தலையில் கட்டுடன் படுத்திருக்கிறார். பக்கத்தில் அவர் தம்பி. மணிக்கொரு தரம் நர்ஸ் வருகிறார், இமையைத் தூக்கி டார்ச் அடிக்கிறார், அட்டையில் ஏதோ குறிக்கிறார், போய்விடுகிறார். தூங்கும் மனிதரை எதற்கு இப்படிப் பாடுபடுத்துகிறார்கள் என்று தம்பிக்குக் கோபம். பாஷை புரியாத ஊரில் கேட்கவும் தயக்கம்.

நர்ஸ் பார்ப்பது கண் பாவையின் அளவை. கருவிழியின் நடுவே உள்ள துவாரம்தான் பாவை. (பாவை என்றால் பொம்மை. ஆங்கிலத்தில் 'பியூபில்' என்பதும் லத்தீனில் சின்னப் பொம்மையைக் குறித்த சொல்லிலிருந்து வந்ததே!) மண்டைக்குள் ரத்தம் கட்டி மூளையை அழுத்தினால், பாவையைச் சுருக்கும் நரம்பு நசுங்கும். பெரும்பாலும் அடிபட்ட பக்கத்துப் பாவை விரிந்து நின்றுவிடும். வெளிச்சம் பட்டாலும் சுருங்காது. அப்படிக் கண்டால் டாக்டர்கள் ஒரு நிமிஷமும் வீணாக்க மாட்டார்கள்.

ஆனால் இந்த அளவு லேசில் பிடிபடுவதல்ல. நல்ல வெளிச்சத்தில் 2 முதல் 4 மி.மீ. இருக்கும் பாவை, இருட்டில் 4 முதல் 8 மி.மீ. வரை விரியும். பகலில் ஜன்னல் திறந்திருந்தபோது 3, இரவில் விளக்கை அணைத்தபின் 5 என்றால் நோய் முற்றிவிட்டதாக அர்த்தமில்லை. எந்த வெளிச்சத்தில் எடுத்தது என்று எழுதாத அளவு, தேதி போடாத ரசீது மாதிரிதான்.

ஆகவே ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி பார்க்க வேண்டும். அறையை மங்கலாக்கி, கண் அதற்குப் பழகும்வரை சற்றுப் பொறுக்க வேண்டும். நினைவுள்ளவரானால் தூரத்துச் சுவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். கிட்டத்தில் பார்த்தாலே பாவை சுருங்கிவிடும். டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து கொண்டுவருவது அதனால்தான். பாட்டரி தீர்ந்துபோன டார்ச்சானால் பாவை மந்தமாகச் சுருங்கும். பழி நோயாளியின் மூளைமேல் விழும்!

நம் நாட்டவருக்கு இன்னொரு தொல்லை. நம் கண் கறுப்பு. மங்கலில் பாவையின் விளிம்பே தெரிவதில்லை. இதற்கு வழி அகச்சிவப்புக் கதிர். கண்ணுக்குத் தெரியாத கதிராகையால் பாவை சுருங்காது; காமிராவிலோ கறுத்த கருவிழியும் வெளிறித் தெரியும், நடுவில் பாவை மட்டும் கறுப்பாக நிற்கும். லோவன்ஸ்டைன், லோவன்ஃபெல்ட் என்ற இருவர் 1958-இல் இத்தகைய கருவியை அமெரிக்காவில் விவரித்தனர். இப்போது கையடக்கக் கருவிகள் வந்துவிட்டன. தாமே அளவான ஒளியை வீசி, மி.மீட்டரின் பின்னம்வரை சொல்கின்றன. விலை அதிகம்; எல்லா வார்டுகளிலும் கிடையாது.

வெளிச்சம் மாறுவது தொல்லை மட்டுமல்ல, உதவியும்கூட. ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இரு பாவைகளும் இயற்கையாகவே சற்று வித்தியாசப்படும். பெரும்பாலும் 1 மி.மீட்டருக்குள்தான். அது கோளாறா, சுபாவமா? வெளிச்சத்தில் ஒரு தரமும் இருட்டில் ஒரு தரமும் அளந்தால் தெரியும். வெளிச்சத்தில் வித்தியாசம் கூடினால், சுருங்க மாட்டாத பெரிய பாவையில் பழுது. இருட்டில் கூடினால், சின்னது விரியவில்லை, பழுது அங்கே. இரண்டிலும் ஒரே அளவானால் பெரும்பாலும் சுபாவமே.

தம்பி செய்யக்கூடிய காரியமும் உண்டு. அண்ணனுக்கு அண்மையில் யாராவது கண்ணில் சொட்டு மருந்து விட்டார்களா, முன்பு கண் ஆபரேஷன் நடந்ததா என்பதை டாக்டரிடம் சொல்லலாம். முகம் தெளிவாகத் தெரியும் பழைய போட்டோ செல்போனில் இருந்தால் காட்டலாம். விபத்துக்கு முன்பே ஒரு பாவை பெரிதாக இருந்திருந்தால், அதைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது சில சமயம் தெரிந்துவிடும்.